கெட்டுப்போன ஆன்டிபாடி

"நேத்து ஃப்ரீசர்ல வைக்க மறந்துட்டேன்மா. கெட்டுப்போயிருக்கும்."

டெக்னீஷியன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆறு மாசம் காத்திருந்து வரவழைச்ச ஆன்டிபாடிண்ணா! இருபது வருஷ சர்வீஸ்ல இதுகூடவா மறக்கும்?"

"தப்புதாம்மா."

எலும்பெல்லாம் கட்டி கட்டியாகப் புடைக்கும் பரம்பரை நோயைப் பற்றியது அவள் ஆராய்ச்சி. ஹெபரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியைக் கோர்க்கும் நொதி அந்த நோயாளிகளுக்குப் பாதிதான் இருக்கும். ஆன்டிபாடி அந்த நொதியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். படத்தில் கறுப்புக் கோடு விழும். நோயாளிக்கு மெல்லிய கோடு, நல்ல உடம்புக்குத் தடித்த கோடு.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நல்ல உடம்புக்காக வெளியே போய் ஆள் தேடுவதில்லை. ஆய்வகத்து ஆட்களே முறை வைத்து ரத்தம் கொடுப்பார்கள். இந்தத் தடவை அவள் முறை. ஏழு மாத வயிற்றோடு சிரித்துக்கொண்டே கையை நீட்டியிருந்தாள்.

இன்று பார்த்தால் நோயாளியின் கோடும் மெலிசு, அவள் கோடும் மெலிசு.

"பிரசவத்துக்கு முன்னாடி முடிச்சுடலாம்னு இருந்தேன். மூணு வருஷ உழைப்பு மண்ணாப் போச்சு!"

"அப்புறம் பண்ணிக்கலாம் தங்கச்சி. முதல்ல உட்காரு. கால் வலிக்குது பாரு."

"என் கால் எப்படிப் போனா உங்களுக்கென்ன?"

முழங்காலுக்குக் கீழே இருந்த புடைப்பைத் தேய்த்துக்கொண்டே கத்தினாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வந்தது என்று அம்மா சொல்வாள்.

ஆத்திரம் அடங்கவில்லை. டைரக்டரிடம் எழுதியே கொடுத்துவிட்டாள். அடுத்த வாரமே அவரை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள்.

அவர் விட்டுப்போன மேஜையை அவள் ஒழிக்கும்போது இழுப்பறையின் அடியில் மூன்று படங்கள் கிடைத்தன. மூன்றிலும் மூன்று கோடுகள். மேலே அவர் கையெழுத்து: நோயாளி, தங்கச்சி, நான்.

'நான்' என்ற கோடு மூன்றிலும் கன்னங்கரேலென்று தடித்திருந்தது. கடைசிப் படம், கெட்டுப்போய்விட்டது என்று அவர் சொன்னதற்கு மறுநாள் எடுத்தது.

ஆன்டிபாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

'தங்கச்சி' கோடு மட்டும் மூன்றிலும் நோயாளியின் கோட்டைப் போலவே மெலிந்து கிடந்தது.

முழங்கால் புடைப்புக்குப் போன அவள் கை, அங்கிருந்து வயிற்றுக்கு வந்தது.

கடைசிப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்:

'பிரசவம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் தப்பு என்னோடதாவே இருக்கட்டும்.'