சிவப்புத் தெருவில் சவப்பெட்டி

என் அப்பா ஜெனிவால், நாற்பது வருடம் பச்சைக் கால்பந்து அணியின் ரசிகர் தலைவர். அவரது சவப்பெட்டியைச் சுமந்து பச்சை ரசிகர்கள் இருநூறு பேர் வந்தார்கள். எதிரி அணியான சிவப்பின் தெருவைத் தாண்டித்தான் கல்லறை.

தெருவில் சிவப்பு ரசிகன் ஜுராந்திர் மறித்தான். “பெட்டியைத் திறங்கடா!”

“வேண்டாம் தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்.” அம்மா மூடிமேல் விழுந்தாள்.

“விடுங்கக்கா. நாற்பது வருஷமா எங்களைத் திட்டின வாய், இப்பவாவது மூடியிருக்கான்னு பாக்கணும்ல?”

அவளை விலக்கி மூடியைத் தூக்கினான்.

அப்பா சிவப்பு அணியின் சாயம்போன சட்டையில் கிடந்தார்.

ஜுராந்திர் தொப்பியைக் கழற்றினான். தெரு வழிவிட்டது.

“சின்ன வயசுலேர்ந்தே மனசுல சிவப்புதானாம். கடைசி ஆசையா இந்தச் சட்டையைக் கேட்டார்,” என்று அம்மா என் காதில் சொன்னாள். “நான் பயந்தது இந்தச் சிவப்புக்காரங்களுக்கில்ல.”

எங்கள் ஆட்களில் ஒருவன் நிதானமாகச் சொன்னான்: “பெட்டியைக் கீழ வைங்க.”