தெரிந்தே தப்பு

"உங்க பொண்ணு வேணும்னே தப்பா பதில் சொல்றா" என்றார் டீச்சர்.

எதிரே அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், சக்கர நாற்காலியில் சிட்டு. பதினொரு வயது. பிறந்ததிலிருந்தே கையும் வாயும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. கண் மட்டும் கேட்கும்.

அந்தக் கண்ணை நம்பித்தான் பள்ளிக்கூடம் ஒரு திரையை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தது. திரைக்குக் கீழே ஒரு கேமரா. எந்த விடையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிறாளோ, அதுதான் அவள் சொன்ன பதில் என்று எடுத்துக்கொள்ளும். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், சேர்த்துக் குரலாகவும் சொல்லும்.

மற்றப் பாடங்களை எல்லாம் சிட்டு மளமளவென்று முடித்திருந்தாள். கணக்கில் பின்னம் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. கடைசியில் வரும் கேள்விகளில் தோற்றால், பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். வாரக்கணக்காக ஓடிக்கொண்டே இருந்தது.

"கஷ்டமா இருக்கோ என்னவோ" என்றார் அப்பா. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். வேலையிலிருந்து நேராக வந்ததில் நகமெல்லாம் நீலம்.

அவர்கள் கொண்டுவந்திருந்த திரையை டீச்சர் அவர் பக்கம் திருப்பினார். சிட்டுவின் பார்வை போன வழி சிவப்புக் கோடாகத் தெரிந்தது. மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்பது கேள்வி. கோடு நேராக 'பாதி'க்குப் போயிருந்தது. ஆனால் அங்கே தங்கவில்லை. நகர்ந்து, 'ஒன்பதில் இரண்டு' என்ற விடையில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அடுத்த கேள்வியிலும் அதே கதை.

"சரியான விடையை முதல்ல பார்த்துடறா. அப்புறம்தான் தப்பானதைத் தேடிப் போறா. இது தெரியாத பிள்ளை பண்ற வேலை இல்லீங்க."

அப்பா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் திரைக்காக இன்னொரு பிள்ளை காத்திருப்பதாகவும், இந்த மாதமும் இப்படியே போனால் மேலிடத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள், தன்னால் தடுக்க முடியாது என்றும் டீச்சர் சொன்னார். சொல்லும்போது சிட்டுவின் பக்கம் திரும்பவில்லை.

திரை போனால் மகளின் பேச்சும் போய்விடும். முன்பெல்லாம் பசியா, வலியா, வெளிச்சம் கூசுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பயம் அம்மாவுக்குக் கோபமாகிக் கணவர் மேல் பாய்ந்தது.

"தினமும் நீங்கதானே பக்கத்துல உக்கார்றீங்க? இவ விளையாட்டுக் காட்டறது கூடவா கண்ணுல படலை?"

சிட்டுவின் தலை சாயாமல் தாங்கிக்கொள்ள யாராவது வேண்டும். சாயங்காலங்களில் அது அப்பாவின் வேலை.

"நான் இவளைப் பார்க்கலை. பாடத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன்" என்றார் அவர்.

அம்மா திரையை மகளுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்.

"ஏன்டி இப்படிப் பண்றே? நீயே டீச்சர்கிட்ட சொல்லு."

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்காமல் எழுத்துகளுக்குப் போனாள்.

மெதுவாகத்தான் வந்தது. நடுவில் கண் வழுக்கிப் பக்கத்து எழுத்தில் விழ, அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஏற்ற இறக்கமே இல்லாத அந்த இயந்திரக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு. அப்பாவுக்குத்தான் இன்னும் புரியலை."