ஊரில் இல்லாத அளவு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி நிசார் அஹமது வீட்டுக் கூடத்தில் ஓடிய பொம்மை ரயில், கடையில் விற்கும் எந்த அளவிலும் சேராதது. எஞ்சின், பெட்டி, தண்டவாளம் எல்லாம் அவரே அரத்தால் ராவி ராவிச் செய்தவை.

"இந்த அளவுல ஒரு சக்கரம்கூட எங்கயும் கெடைக்காது. பெரிய பேஜாரு," என்று வருவோர் போவோரிடமெல்லாம் அலுத்துக்கொள்வார்.

நண்பர் இருதயராஜுக்கு மனசு கேட்கவில்லை. ஊர் ஊராக விசாரித்து, பேரணாம்பட்டில் அதே அளவில் ரயில் செய்யும் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் செய்த பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். தண்டவாளத்தில் வைத்ததும் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. நிசார் அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷம் தாங்காமல் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார் இருதயராஜ்.

மறுவாரம் வந்து பார்த்தால், நிசார் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், எல்லாத்தையும் கழட்டறீங்க?"

"வேற அளவுல செய்யப்போறேன். இது இப்ப கண்டவன்கிட்டல்லாம் இருக்குதே."