ரயிலுக்கு வழி

குணமணி ரயில் கடவைக் கேற்றை இறக்கிவிட்டுச் சிவப்புக் கொடியோடு நடுறோட்டில் நின்றாள். துறைமுகத்திலிருந்து வந்த ஆமி லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நாற்பது லொறியாவது இருக்கும்.

முன் ஜீப்பிலிருந்து அதிகாரி குதித்து வந்தான். கேற்றைத் திறக்கச் சொன்னான். ரயில் வருகிறது, ஏலாது என்றாள் அவள்.

ஆள் அவளுக்குப் புதிதல்ல. காலையில் காவலரணில் இவனிடம்தான் கெஞ்சினாள். தங்கச்சி ராசமலருக்கு நோ கண்டுவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறதென்று மருத்துவிச்சி கைவிரித்துவிட்டாள், பெரியாஸ்பத்திரிக்குப் போக, அவளை ஏற்றி வந்த வானை விடுங்கள் என்றாள். ராசமலரின் புருஷன் சின்னராசாவும் தன் ரயில்வே அடையாள அட்டையைக் காட்டிக் கும்பிட்டான்.

லொறிகள் போய் முடியும்வரை றோட்டில் சைக்கிள்கூட ஓடக் கூடாதென்று வானைத் திருப்பிவிட்டான் படுபாவி. அதற்குப் பிறகு குணமணி அழவில்லை. நேரே கேற்றடிக்கு வேலைக்கு வந்துவிட்டாள்.

"காலைக் கோவமா?" என்றான் அதிகாரி, தெரிந்த தமிழில்.

"சட்டம் சேர். ரயில் போனாப் பிறகுதான் றோட்டுக்கு வழி. மந்திரி வந்தாலும் அப்பிடித்தான்."

பத்து நிமிடம் போனது. ரயில் வெளிக்கிட்டால் ஸ்டேசனிலிருந்து கேற்றடிக் கொட்டிலுக்கு டெலிபோன் வரும். அன்று அது வாயே திறக்கவில்லை.

வெட்டவெளியில் நிற்பது ஆமிக்காரருக்கும் உயிர்ப் பயம்தான். லொறிகளிலிருந்து குதித்துப் பற்றைகளைப் பார்த்துத் துவக்கை நீட்டினார்கள். அதிகாரியின் கை இடுப்புக்குப் போனது.

"அஞ்சு நிமிசம். ரயில் இல்லை, நீயும் இல்லை."

அவள் கேற்றை விட்டு அசையவில்லை. என்னைச் சுட்டாலும் இந்தக் கேற்றை இவன் கையாலேதான் தூக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சீனக்குடாப் பக்க வளைவில் தண்டவாளம் கிறீச்சிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வந்தது, தண்டவாளம் திருத்துகிறவர்கள் சாமான் ஏற்றித் தள்ளும் நாலு சில்லு ட்ரொலி. சின்னராசாவும் இன்னொருவனும் வியர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். பலகையில், குடைக்குக் கீழே, வயிற்றைப் பிடித்தபடி ராசமலர் கிடந்தாள்.

ட்ரொலி நிற்காமல் றோட்டைக் கடந்து பட்டணப் பக்கம் ஓடியது. குணமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இதுவா ரயில்?" என்றான் அதிகாரி.

அவள் கொடியைச் சுருட்டினாள்.

"தண்டவாளத்தில வாறதெல்லாம் ரயில்தான் சேர்."