கோடரிக்குக் கூடுதல் பலம்

பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேசை விளையாட்டுகளை வடிவமைப்பது மாப்பிள்ளையின் தொழில். புது விளையாட்டில் இருகைக் கோடரி மட்டும் எடுபடவில்லையே என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். கோடரி வீரனாக ஆடும் மாமியார், இப்போதெல்லாம் மாப்பிள்ளை ஆடும் பூதத்திடம் தோற்றுக்கொண்டே இருந்தார்.

“கேடயத்தையே விட்டுட்டு ரெண்டு கையாலயும் பிடிக்கறீங்க அத்தை. அதுக்கேத்த பலன் வேணும்ல? விதியை மாத்தறேன்.”

“எதுக்கு சிரமம் மாப்பிள்ளை? எனக்கு இதுவே போதும்.”

அவர் விடவில்லை. ஓங்கி வெட்டும் திறனை இரட்டிப்பாக்கினார். அப்போதும் மாமியார் தோற்றார். கடைசியில், கோடரியைத் தூக்கினாலே வெட்டு தானாக விழும் என்று எழுதிவிட்டு, தன் மூளையைத் தானே மெச்சியபடி தண்ணீர் குடிக்கப் போனார். சமையலறையில் மாமியார் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“இத்தனை நாளும் அந்த ஓங்கி வெட்டற திறனைத் தொடாமலே சமாளிச்சேன்டி. இனிமே தோத்துக்குடுக்க வழியே இல்லை.”

“ஜெயிச்சுட்டுத்தான் போயேம்மா.”

“முதல் ஆட்டத்துல ஜெயிச்சேனே. உன் புருஷன் சாப்பிடாமகூட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரே, மறந்துட்டியா?”

தண்ணீர் குடிக்காமலே திரும்பிய மாப்பிள்ளை, சத்தமில்லாமல் பழைய விதியையே மறுபடி எழுதி வைத்தார்.