அண்ணாந்து பார்க்கக் கூடாது

இப்போதெல்லாம் எவனுக்கும் தலை நிமிர்வதில்லை. தெருவில் போகிறவன், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவன், எல்லாருக்கும் உள்ளங்கைக்குள்தான் உலகம். டாக்டரும் அந்த ஜாதிதான். எதிரே உட்கார்ந்திருந்த இவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தே சொன்னான்.

"பின்மூளைக்கு ரத்தம் போற குழாய் சுருங்கியிருக்கு பெரியவரே. அண்ணாந்து பாக்காதீங்க. பொசுக்குன்னு விழுந்துருவீங்க."

கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன் பேச்சு.

ஆனால் போன வாரம் விழுந்தது நிஜம். இதே இடத்தில், மூத்த மகன் வீட்டுக்குக் கீழே, இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில். அண்ணாந்தார். மாடி இரண்டாகத் தெரிந்தது. மேலே நின்ற மனைவியும் இரண்டாகத் தெரிந்தாள்.

அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

மகன்கள் பிரித்துக்கொண்டார்கள். அம்மா மூத்தவனுக்கு, அப்பா இளையவனுக்கு. மூத்தவன் வீடு மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, இறங்க முடியாது. மூத்த மருமகள் ஒருநாள் சொன்ன சொல்லுக்குப் பிறகு இவர் அந்தப் படியை மிதிப்பதில்லை.

காலையில் அவள் பால்கனிக்குத் துணி காயப்போட வருவாள். இவர் கீழே நிற்பார்.

அவ்வளவுதான் குடித்தனம்.

போனில் காட்டுகிறேன் என்றான் இளையவன். வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பெட்டிக்குள் வருகிறவளை எப்படி நம்புவது?

இன்று சட்டைப்பையில் சவரக் கண்ணாடி இருந்தது.

தலையைத் தாழ்த்தினார். கண்ணாடியை உள்ளங்கையில் வைத்து மெல்லச் சாய்த்தார். வானம் வந்தது. கொடிக்கயிறு வந்தது. ஈரப் புடவை வந்தது.

பிறகு அவள்.

கட்டைவிரல் அளவு. தலைகீழாக.

மேலிருந்து குரல் விழுந்தது.

"என்ன, நீங்களும் செல்லு வாங்கிட்டீங்களா? மேல ஒருத்தி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையாக்கும்."

செல்லு இல்லை, கண்ணாடி. சொன்னால் கத்திச் சொல்ல வேண்டும். மருமகளுக்குக் கேட்கும்.

கண்ணாடிக்குள் அவள் சிரிக்கிறாளா, கோபமா, பிடிபடவில்லை. வேட்டி நுனியால் துடைத்துப் பார்த்தார். அப்போதும் பிடிபடவில்லை.

பையில் போட்டார். நடந்தார்.

இதெல்லாம் ஒரு பார்வையா.

தெருமுனையில் கரண்ட் கம்பம். அங்கிருந்தும் மூன்றாம் மாடி தெரியும், அண்ணாந்தால்.

அவள் இன்னும் உள்ளே போயிருக்க மாட்டாள்.

கம்பத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.