நாலு பக்கமும் பஞ்சு

இன்னும் எத்தனை காரணம்தான் சொல்வது? காலையிலிருந்து சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனாலும் இவளுக்கு ஒன்றும் போதவில்லையே.

ஹில்டா தன் மூன்று மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாத்தனாரின் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். ஞானசௌந்தரி, குழந்தைக்கு வாங்கியிருந்த சின்ன மரக்கட்டிலைச் சுற்றி மஞ்சள் சாட்டின் மெத்தை ஒன்றை உட்புறமாக நிறுத்தி, அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவில் இருக்கும் சிநேகிதி அனுப்பிய படத்தை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து, எட்டு நாள் உட்கார்ந்து தைத்தது அது. நாலு பக்கமும் பஞ்சு, மூலைக்கு மூலை ரிப்பன், நடுவில் ஓர் ஆட்டுக்குட்டி. அதற்கு 'பம்பர்' என்று பெயராம்.

"டாக்டரம்மா வேணாம்னுதான் சொன்னாங்க, அண்ணி. மூஞ்சி அதுல போய் அழுந்தினா பாப்பாவுக்கு மூச்சு முட்டுமாம்."

"அமெரிக்காவுல அத்தனை பேரும் கட்டுறான். அங்கெல்லாம் டாக்டரே இல்லியா?"

"காத்து வராதே. இந்த வெயில்ல..."

"ஃபேன் மேல சுத்துதா, பக்கத்துல சுத்துதா?"

"அவ இன்னும் பெரளவே ஆரம்பிக்கல. தலை எங்க போய் இடிக்கப் போகுது?"

"இன்னிக்குப் பெரளல, நாளைக்குப் பெரளுவா. மரத்துல முட்டி மண்டை வீங்கினப்புறம் தெச்சுத் தரட்டா?"

ஞானசௌந்தரி மூலை முடிச்சைப் போடக் குனிந்து, பல்லிடுக்கில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். ஹில்டா பதில் சொல்லவில்லை. ரிப்பனை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தவளின் முகம் சிவந்திருந்தது.

"பாரு, கேட்டா பதில்கூட வராது. எம்.எஸ்ஸி. படிச்ச திமிரு! மாமியார் இருந்திருந்தா இப்படிப் பண்ணுவியா?"

ஹில்டா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிரசவத்துக்குப் பிறகு தாய் வீட்டில் இருந்த மூன்று மாதமும் இப்படி ஒரு வாக்குவாதமே வரவில்லை. அங்கே அம்மா குழந்தையின் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். தாம்பரத்துக்கு வந்த இந்த ஒரு வாரத்தில்தான் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறைமலை நகர் கார் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, அவள் கணவன் தனசிங் சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தான். வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கட்டிலைப் பார்த்தான்.

"நாள் முழுக்க கம்பெனியில பம்பர் மாட்டிட்டு வரேன். இங்கயும் பம்பரா? இண்டிகேட்டர் எங்கக்கா?"

"போடா! உன் பொண்டாட்டிகிட்ட கேளு. கட்டவே கூடாதாம்."

அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து ஹில்டாவும் சிரித்துவைத்தாள்.

அவன் அவள் எதிரே வந்து நின்றான். "நாளைக்கு சர்ச்லருந்து பெண்கள் சங்கத்துக்காரங்க ஜெபத்துக்கு வராங்கல்ல? அதுவரைக்கும் இருக்கட்டுமே, ஹில்டா. அப்புறம் எடுத்துடலாம்."

"எடுக்கிறதுக்கா எட்டு நாள் தெச்சேன்?" ஞானசௌந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் பிள்ளைக்கு நான் ஒண்ணு செய்யக் கூடாதா? அவங்க போனதும் அவுக்க மாட்டேன்னு இவ வாயால சொல்லட்டும்."

தனசிங் நெற்றியைத் தேய்த்தான். "சொல்லிடேன். ஒரு துணிக்குப் போய் எதுக்கு இவ்ளோ பிடிவாதம்?"

பிடிவாதம். அந்த வார்த்தை அவள் மேல் வந்து ஒட்டிக்கொண்டது. அண்ணியின் கையில் ஊசி குத்திய புள்ளிகளை அவளும்தான் பார்த்தாள். அந்த அன்பைத் தட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு என்ன ஆசையா? ஒருமுறை தலையாட்டினால் போதும், இந்த வீட்டில் நல்ல பெயர் கிடைத்துவிடும்.

"ராத்திரியெல்லாம் கட்டில் சட்டத்துக்கு நடுவுல கையை விட்டு, பிள்ளை வயித்து மேல வெச்சுக்கிட்டே தூங்குறியே, அது மட்டும் நல்லதா?" ஞானசௌந்தரி விடவில்லை. "பழகிப்போச்சுன்னா அப்புறம் கை இல்லாம தூங்க மாட்டா. இதைக் கட்டினா அந்தப் பழக்கமாவது ஒழியும்."

ஹில்டா தன் முன்கையைப் பார்த்தாள். சட்டத்தின் தடம் இரண்டு கோடாகப் பதிந்திருந்தது. தினமும் காலையில் அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் ஆனாலும் முழுவதும் மறையாது.

எழுந்து குழந்தையைக் கணவனிடம் கொடுத்தாள். கட்டிலருகே போய் முதல் மூலையின் முடிச்சை அவிழ்த்தாள். பிறகு இரண்டாவது.

"என்ன செய்றே? நிறுத்து!" ஞானசௌந்தரி அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நான் கேக்குறேன், அப்படியே மூஞ்சி போய் ஒட்டினாத்தான் என்ன? பிள்ளை சும்மாவா கெடக்கும்? வீல்னு கத்தாது? நீ ஒரு முழத்துல படுத்துக்கிட்டு எழுந்திரிக்க மாட்டியா?"

ஹில்டா அந்த உதடுகள் அசைந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஏழாம் மாதம் இருந்தபோதிலிருந்து சொல்லாமல் தள்ளிப்போட்டு வந்த ஒன்று. கட்டினவனிடம்கூடச் சொல்லவில்லை. மீதி முடிச்சுகளையும் அவிழ்த்து, மெத்தையை மடித்து நாத்தனார் கையில் வைத்தாள்.

"கட்ட வேணாம், அண்ணி. பாப்பா அழுதா இந்தக் காதுக்குக் கேக்காது."